தொப்பி இல்லாத குருவி

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

உங்கள் ஆட்கள் ஊரிலுள்ள குருவி ஊறுகாய் ஜாடிகளையெல்லாம் அள்ளிப்போனது வீண் வேலை. என் தம்பி ஸீனோன் பிணத்துக்குப் பக்கத்தில் செத்துக்கிடந்தது தோட்டக் குருவி. அதை, நாங்கள் ஊறுகாய் போட்டுத் தின்னும் கருந்தொப்பி என்று எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒரே வம்சம், ஒரே பருமன்தான். ஆனால் கருந்தொப்பிக்குத் தலையில் தொப்பி உண்டு; ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குப் பழுப்பு. மற்றதற்குக் கிடையாது. புதருக்குள் இருந்தால் குரல்தான் கதி. தோட்டக் குருவி ஒரே சீராகப் பாடிக்கொண்டே போகும். கருந்தொப்பி கடைசியில் குரலை உயர்த்தி விசிலடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குரலில் நான் ஏமாந்ததே இல்லை.

ஸீனோன் என்னைக் காட்டிக்கொடுத்ததையும் இதே காதால்தான் கேட்டேன். கடைசித் தம்பி ஃபோதிஸின் காபிக்கடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே ஸீனோனின் குரல் ஃபோனில் பேசுவது கேட்டது.

"எங்கண்ணன் லோயிஸோஸ் மாதுளைத் தோட்டத்துல குருவி பிடிக்கப் பசைக்குச்சி வெச்சிருக்கான். இப்பவே வந்தா கையும் களவுமா பிடிக்கலாம்."

ஓடிப்போய்க் குச்சிகளைப் பிடுங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. நான் நிகோசியா சிறையில் இருந்தபோது என் மனைவி தெஸ்பினா இறந்தாள். அடக்கத்துக்கு என்னை விடவில்லை. கூடப் பிறந்தவன் செய்த துரோகம், ஐயா. இன்றும் வயிறு எரிகிறது.

திரும்பி வந்து அவனிடமே கேட்டேன். "என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லண்ணே" என்றான். நம்பியதுபோல் சரி என்று தோளைத் தட்டினேன். மறுபடி சேர்ந்து குச்சி வைத்தோம்.

குச்சியில் கருந்தொப்பி ஒட்டினால் ஸீனோன் அதன் கழுத்தைத் திருகி ஊறுகாய்ப் பையில் போடுவான். தோட்டக் குருவியை மட்டும் கொல்ல மாட்டான். சிறகை வாயில் வைத்து, எச்சிலால் பசையை உறிஞ்சித் துப்பி, பறக்கவிடுவான்.

"பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு முத்தம் குடுத்திருக்க மாட்டேடா" என்பேன்.

"அது நம்ம சாப்பாடு இல்லண்ணே. பொழைச்சுப் போகட்டும்."

அதனால் விஷம் வைக்கக் கருந்தொப்பியில் நான் கைவைக்கவில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஒரு தோட்டக் குருவியின் சிறகில் மாதுளைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவி, அவன் பக்கத்துக் குச்சியில் ஒட்டிவைத்தேன். அவன் பொறுமையாகத்தான் சுத்தம் செய்தான். குருவி பறக்கவில்லை. அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவன் உயிர் போகும்வரை கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் அடக்கம் முடிந்து ஃபோதிஸ் வீட்டில் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே ஸீனோன் கூப்பிட்டான்.

"அண்ணே, எந்திரிச்சு ஏதாவது சாப்பிடு."

எழுந்து கதவைத் திறந்தேன். கையில் தட்டோடு ஃபோதிஸ் நின்றிருந்தான்.

அன்று அழுத அழுகையில் காது கொஞ்சம் அடைத்திருந்தது, ஐயா. அவ்வளவுதான். ஃபோதிஸ் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஃபோனில் பேசியது ஸீனோன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். குரலில் நான் ஏமாந்ததே இல்லை.