கறுத்துப்போன கத்தரிக்காய்

பிரசங்கம் நீளுதேன்னு நீங்க கடிகாரத்தப் பாக்குறது தெரியுது... வெளிய கொதிக்கிற கறி வாசனை எனக்கும்தான் மூக்குல ஏறுது! போறதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை கேட்டுட்டுப் போங்க. பயப்படாதீங்க, இதுவும் சாப்பாட்டுக் கதைதான்.

எங்க பக்கத்து ஊர்ல வருஷா வருஷம் கோயில் பண்டிகைக்கு அசனம் போடுவாங்க. ஊர் மொத்தத்துக்கும் ஒரே சோறு. யார் வந்தாலும் இலை உண்டு.

அந்த ஊருக்கு கிதியோன்னு ஒரு மாப்பிள்ளை. வேலை பாத்த மில்ல மூடிட்டாங்க. வேற வழியில்லாம பொண்டாட்டி ரூபியோட மாமனார் வீட்டுல வந்து தங்கிட்டாரு. வீட்டோட மாப்பிள்ளைன்னா நம்ம ஜனங்க வாய் சும்மா இருக்குமா? யாரோ டீக்கடையில சொல்லிட்டாங்க... "ஓசிச் சோறு நல்லாத்தான் ஒடம்புல ஒட்டுது!"

மனுஷனுக்கு எப்படி வலிச்சிருக்கும்?

அசனத்தன்னிக்கு விடியும்போதே கிளம்பிட்டாரு. "ரூபி, இன்னிக்கு உழைச்சிட்டுத்தான் இலையில உக்காருவேன். ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது!"

"ஏங்க, அசனச் சோத்துக்குப் போய் யாராவது கூலி குடுப்பாங்களா?"

கேட்டாரா? கேக்கல! கோயிலுக்குப் பின்னால ஒரு சாக்கு கத்தரிக்காய் கெடந்துது. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. அருவாமணைய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. வெட்டுறாரு... வெட்டுறாரு... மூணு மணி நேரம் வெட்டுறாரு. உதவிக்கு வந்தவங்களையும், "வேண்டாம், இது என் வேலை"ன்னு வெரட்டிட்டாரு. வெட்டின காய எங்க போட்டாரு தெரியுமா? தண்ணியில இல்ல... காஞ்ச தார்ப்பாய்ல!

பாருங்க, அம்மாமார்லாம் இப்பவே சிரிக்கிறீங்க!

சமையல் பொறுப்பு தங்கச்செல்வம்னு ஒரு பெரியவருக்கு. கரண்டியோட வந்தாரு, பாத்தாரு. மலைபோலக் குமிஞ்சு கெடக்கு... அத்தனையும் கறுத்துப் போயி!

"மருமவனே, யாரு ஒம்ம வெட்டச் சொன்னா? சாம்பாரு காலையிலயே வெந்து எறக்கியாச்சே. இது மிச்சம் விழுந்த சாக்குல்லா!"

மணி அடிச்சாச்சு. ஜெபம் பண்ணியாச்சு. பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சு. கிதியோன மட்டும் காணோம். ரூபி தன் பக்கத்துல ஒரு இலையப் போட்டு வச்சிகிட்டு, கண்ணு கலங்கி வாசலையே பாக்கா. தங்கச்செல்வத்துக்கு மனசு கேக்கல. தேடிப் போனாரு. பின்னால தண்ணித் தொட்டிகிட்ட தலையக் கவுத்துகிட்டு உக்காந்திருக்காரு நம்ம ஆளு.

"சாப்பிட வாரும்வே."

"எந்த மூஞ்சியோட வருவேன் மாமா? செஞ்ச ஒரு வேலையும் பாழாப் போச்சு."

"நீரு காய் வெட்டுவீர்னா ஒமக்கு இலை போட்டோம்? நேத்து அரிசி அளக்கையிலயே ரூபி மாப்பிள்ளைக்கும் சேத்துத்தான் அளந்தேன். அப்ப நீரு அருவாமணையத் தொடக்கூட இல்ல! ஒம்ம சோறு வெந்து கெடக்கு. நீரு வரலன்னா எனக்குத்தான் வருத்தம். எந்திரியும்!"

வந்தாரு. உக்காந்தாரு. அழுகையும் சிரிப்புமா சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவ சோறு கேட்டாரு... மூணாவது தடவயும் கேட்டாரு!

சரி, இலைய எடுத்தாச்சு, கை கழுவியாச்சு. இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்ல? யார் கேக்கப் போறா? ஆனா நம்ம கிதியோன் என்ன பண்ணாரு? நேரா போயி சாம்பார் வாளியத் தூக்கிட்டாரு! கடைசிப் பந்தி வரைக்கும் ஓடி ஓடி ஊத்துறாரு. "இன்னும் கொஞ்சம் விடட்டுமா அண்ணாச்சி? அக்கா, இங்க சோறு கொண்டாங்க!" ரூபி வாயில கை வச்சிட்டா... "காலையில உர்ருன்னு உக்காந்து காய் வெட்டின மனுஷனா இது?"

இப்ப நீங்க சொல்லுங்க. காலையிலயும் வேலைதான், மத்தியானமும் வேலைதான். ஆளு ஒண்ணு, கை ஒண்ணு. அப்ப எங்க வித்தியாசம்? காலையில, இலை கிடைக்கணுமேன்னு செஞ்சாரு. மத்தியானம், இலை கிடைச்சிருச்சேன்னு செஞ்சாரு!

எனக்கு அன்பானவங்களே... நீங்களும் நானும் எத்தன வருஷமா வெட்டிகிட்டே இருக்கோம்? இத்தன உபவாசம், இத்தன தர்மம், இத்தன ஊழியம்... ஆண்டவரே, இது போதுமா, இப்பவாவது என்னைச் சேத்துக்குவீங்களான்னு. அவர் சிலுவையில எல்லாத்தையும் ஆக்கி எறக்கி வச்சிட்டாரு. ஒங்க பேருக்கும் அளந்துதான் வச்சிருக்காரு. வந்து உக்காருங்க... அதுதான் விசுவாசம்.

"அப்ப நற்கிரியையே வேண்டாமா ஐயரே?" அந்தா, பின்வரிசையில ஒருத்தர் சந்தோஷமா நிமிர்ந்து உக்காருறாரு! வேணும் தம்பி, நிச்சயமா வேணும். வயிறு நெறைய அவர் கையால சாப்பிட்டுட்டு, அடுத்த பந்திக்காரனுக்கு ஒரு வாளி தூக்க ஒங்களுக்குத் தோணவே இல்லன்னா... நீங்க இன்னும் சாப்பிடவே உக்காரலன்னுதான் நான் நெனப்பேன்!