மெழுகுக் குழந்தையின் பதினாறு உடைகள்

தொப்பியை அந்த மேசைமேல் வைக்காதீர்கள் ஐயா, அங்கே ஒரு பாவாடை உலர்ந்துகொண்டிருக்கிறது. பழைய பட்டு நனைந்தால் பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடக் கூடாது, வெயிலும் ஆகாது. வலைமேல் கிடத்தி நிழலில் விட்டால் அதுவாகக் காயும். இந்தப் பாவாடைக்கு வயது தொண்ணூறு. அந்த வயதில் நம்மில் எத்தனை பேர் இவ்வளவு சுருக்கமில்லாமல் இருக்கப்போகிறோம், சொல்லுங்கள்.

நீங்கள் தேடி வந்த குழந்தை இங்கேதான் இருக்கிறான். உள் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். பிறகு காட்டுகிறேன். முதலில் காபி குடியுங்கள், பட்டை போட்டுக் காய்ச்சியது. கேட்க வேண்டியதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

புயேப்லா நகரத்தின் இந்தச் சந்தைத் தெருவில் முப்பத்தோரு வருடமாகப் பொம்மை வைத்தியம் பார்க்கிறேன். விரல் உடைந்தது, முடி கொட்டியது, கண் தொண்டைக்குள் விழுந்தது எல்லாம் இந்த நிகோலாசாவிடம்தான் வரும். சரியான பிறகு யாரும் திரும்பக் கேட்டு வராதவை அலமாரியில் இருக்கின்றன, அறுபத்து நான்கு. ஜனவரி வந்தால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மெழுகுத்திரித் திருநாளன்று ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் குழந்தை இயேசு சொரூபங்கள் எல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயாக வேண்டுமே. ஒருவருக்குப் பட்டு, ஒருவருக்கு ரோமத் தொப்பி, ஒருவருக்கு டாக்டர் கோட்டு. பெற்ற பிள்ளைக்கு உடுத்துகிறவர்களைவிட இவற்றுக்கு உடுத்துகிறவர்களுக்கு ஆசை அதிகம்.

இருபது வருடமாக எனக்குப் பழக்கமான ஒதீலியா வீட்டுக் குழந்தை அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவள் குடும்பத்துக்கு வந்து நூற்றுப் பத்து வருடமாகிறது. மெழுகு முகம், கையால் ஊதிய கண்ணாடிக் கண், நிஜ முடியில் இமை. உதட்டோரம், இதோ சிரிக்கப்போகிறேன் என்பதுபோல் ஒரு சின்ன மடிப்பு. தகரப் பெட்டியில் அவனுக்குப் பதினாறு உடைகள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒதீலியா என்னை அவனுக்கு ஞானத்தாயாக இருக்கக் கேட்டாள். உடுத்துவதும், திருநாளன்று கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோவதும் மூன்று வருடத்துக்கு என் பொறுப்பு. அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்து அழுதுவிட்டேன் ஐயா. குண்டூசிகள் துருப்பிடித்து ஞானஸ்நான அங்கியைத் தின்றிருந்தன. பாச்சை உருண்டை நெடியில் சரிகை கறுத்திருந்தது. அந்த அங்கியைப் பதினோரு தண்ணீரில் அலசினேன். பன்னிரண்டாவது தண்ணீரில்தான் அதன் உண்மையான நிறம் தெரிந்தது, பால் ஏடு நிறம். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் என் கல்யாண நாளில்கூட இருந்ததில்லை.

போன டிசம்பரில் ஒதீலியா கடைக்கு வந்தாள். சர்க்கரை பூசிய வேர்க்கடலையை மென்றுகொண்டே உட்கார்ந்தாள்.

"வர்ற திருநாளோட உன்ன விட்டுடறேன்டி நிக்கோ. நீ பட்டதெல்லாம் போதும்."

"அப்புறம் யாருக்கா பாத்துக்குவாங்க?"

"பாத்துக்க என்ன இருக்கு, பாலா கேக்கறான்? சந்தை முக்குல பெயின்ட் அடிக்கிறவன்ட்ட சொல்லிட்டேன். திருநாள் முடிஞ்ச மறுநாள் எடுத்துட்டுப் போறான். மூஞ்சிக்குப் பளபளன்னு ரெண்டு கோட்டு, பிளாஸ்டிக் இமை, எல்லாம் அவன் பொறுப்பு. மருமகன் கால்பந்து ஜெர்சி வாங்கி வச்சிருக்கான், ஒன்பதாம் நம்பரு."

"ஜெர்சி எப்படிக்கா நுழையும்? ரெண்டு கையையும் விரிச்சிட்டில்ல இருக்கான்."

"கைமுட்டிக்கிட்ட அறுத்து எடுத்துட்டு, சட்டைய மாட்டிட்டு, அந்தப் பெயின்ட்காரனே திரும்ப ஒட்டிக்கலாம்னான். உனக்கு எதுக்கு அந்தக் கவலை? நீ அலசி வச்ச அந்தப் பழங்கவுனு இருக்குல்ல, அத வெட்டி டிவிக்கு விரிப்பு தைக்கப் போறாளாம் பிரிஹிதா."

பிரிஹிதா அவள் மகள். போலீஸில் உங்களிடம் மனு கொடுத்தவள்.

நான் கத்தவில்லை, சண்டை போடவில்லை. விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். "சாமிய விப்பாங்களாடி பைத்தியமே," என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். விற்கக் கூடாதாம், அறுக்கலாமாம். அவள் கெட்டவள் இல்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்த முகம், நல்ல கைமணம். ஆனால் ஒரு குழந்தையின் கையை அறுக்கிறேன் என்று கடலை மென்றுகொண்டே ஒருத்தி சொன்னால், அதற்குமேல் அவளிடம் பேச என்ன இருக்கிறது.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வளைய ரொட்டியை நானே சுட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். ஒதீலியாவுக்குக் கொண்டாட்டம், ஒரு செலவு மிச்சம். அவள் கதைதான் உங்களுக்கும் தெரிந்திருக்குமே. ரொட்டிக்குள் புதைத்த குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்தான் பிப்ரவரியில் மெழுகுத்திரித் திருநாளுக்கு எல்லோருக்கும் சோளமாவில் அவித்த தமாலே வாங்கித் தர வேண்டும். இருபது வருடத்தில் ஒதீலியா ஒரு தமாலேகூட வாங்கித் தந்ததில்லை. பொம்மை வந்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். ஒரு பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும், எல்லோரும் பார்ப்போம், ஒருவரும் கேட்க மாட்டோம். அது எங்கள் விளையாட்டு.

இப்போது பிளாஸ்டிக் பொம்மைதான் போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. என் சேகரிப்பில் அந்தக் காலத்துப் பீங்கான் பொம்மைகள் ஒன்பது உண்டு. எதைப் போடுவது என்று முடிவு செய்ய ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. சில மிகச் சின்னவை, விழுங்கினால் சத்தமில்லாமல் வயிற்றுக்குப் போய்விடும். சில பெரியவை, கன்னத்தில் அடங்காது. ஒன்று மட்டும் கட்டைவிரலின் மேல்கணு அளவு, நனைந்தால் சோப்புத் துண்டாய் வழுக்கும். ஒவ்வொன்றையும் என் வாயிலேயே ஒதுக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். எந்த வேலையானாலும் அளவெடுக்காமல் நான் தொடுவதில்லை.

ஒதீலியா எப்போதும் ரொட்டியின் மேல் பூசிய சர்க்கரைப் பட்டை கனமாக இருக்கும் இடத்தில்தான் கத்தியை வைப்பாள். நான் ஒரே ஒரு பட்டையைத்தான் கனமாகப் போட்டிருந்தேன்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். கோப்பைகளில் சூடான சாக்லேட் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒதீலியா வெட்டினாள், மென்றாள், கன்னம் உப்பியது. மருமகன் எனக்குக் கண்ணடித்தான். அப்போது நான் ஒரு கதை சொன்னேன். அவளைப் பற்றிய வேடிக்கைக்கு ஒதீலியாதான் முதலில் சிரிப்பாள், அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

"மக்காரியோ அண்ணன் செத்தப்ப நாலு மூலையிலயும் மெழுகுத்திரி ஏத்தி வச்சோம்ல? கொஞ்ச நேரத்துல பாத்தா அக்கா ரெண்ட ஊதி அணைக்கிறாங்க. ஏன்க்கான்னேன். 'அவருக்குத்தான் கண்ணு மூடியிருக்கே, யாருக்குடி வெளிச்சம்'னாங்க."

உண்மையில் நடந்ததுதான், மக்காரியோ அவள் புருஷன். மேசையே அதிர்ந்தது. ஒதீலியா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் சத்தம் நின்றுபோயிற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.

"முழுங்கிட்டாங்கடி, தமாலேக்குப் பயந்து உங்கம்மா முழுங்கியே போட்டாங்க," என்றான் மருமகன். பிரிஹிதாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க, அக்காவ நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

குனியவைத்து முதுகில் ஓங்கி நாலு தட்டுத் தட்டியிருந்தால் வெளியே வந்திருக்கும். தொண்டைக்குள் விழுந்த கண்ணை நான் அப்படித்தான் எடுப்பேன், முப்பத்தோரு வருடப் பழக்கம். தட்டவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்து பிரிஹிதாவைக் கூப்பிட்டேன்.

ஊரே தமாலே கதையைச் சொல்லிச் சொல்லி அழுதது, நடுநடுவே சிரித்தது. டாக்டரும் விபத்து என்றே எழுதினார். அவளைக் கிடத்தியிருந்தபோது நான்கு திரியும் கடைசிவரை எரியும்படி நான் பார்த்துக்கொண்டேன். மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியிருக்கையில் குழந்தையை என் சால்வையில் சுற்றி, உடைப் பெட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே வெளியே வந்தேன். ஞானத்தாய் எடுத்துப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். இப்போது அவன் பால் ஏடு நிறத்தில் அங்கி போட்டுக்கொண்டு, இரண்டு கையும் முழுசாக விரித்துப் படுத்திருக்கிறான். பார்த்தால் உங்களுக்கே தூக்கிக்கொள்ளத் தோன்றும்.

இதில் என் மனதைச் சுடுவது ஒன்றுதான். பிரிஹிதாவின் மனுவில் திருட்டு என்று எழுதியிருக்கிறதாமே. கொலை என்று எழுதுங்கள் ஐயா, மறுக்க மாட்டேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். உடையவரைக் கேட்காமல் அடுத்த வீட்டுப் பொருளைத் தொடுகிறவள் நான் இல்லை. அன்று சமையலறையில் அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, குழந்தைய நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவசரப்படுத்தவில்லை, மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையை ஆட்டினாள். என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் தெரியுமா, முழு மனசு இல்லாமல் யாராவது அப்படிப் பிடிப்பார்களா?