ஈட்டி மரம், ஒரு உருப்படி

எனக்கு டீ வேண்டாம் ஐயா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெந்நீர் இருந்தால் போதும். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு வருஷம் வனத்துறைச் செக்போஸ்டில் கார்டாக இருந்து பறிமுதல் மகஜர் எழுதியவன், எழுதுகிறவரின் கைவலி எனக்குத் தெரியும்.

பெயர் கோபால்சாமி. புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கம்பத்தைத் தூக்கி இறக்குவது என் வேலை. பர்மிட் இல்லாத மரம் கீழே இறங்கக் கூடாது, மேலே ஏறவும் கூடாது. மலைக்கு யாராவது மரத்தை ஏற்றுவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். விதியில் மரம் என்றுதான் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிற மரம் என்று இல்லை.

என் மகள் கெங்காவுக்கு நான் பியானோ சொல்லிக் கொடுத்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவின் புகாரில் அது இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம், பிள்ளைக்கு நாலு வயது. திருப்பத்தூரில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் எடுத்தது ஒரு நாற்காலி. ஏலக்காரன் அதோடு சேர்த்து ஒரு புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டான். வாத்தியார் இல்லாமல் பியானோ பழகுவதற்கான இங்கிலீஷ் புத்தகம். முதல் பதினெட்டுப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில், மணிக்கட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று படம் போட்டிருந்தது. அங்கிருந்து தொடங்கினேன். ஆரம்பத்தில் அப்படி என்ன பெரிதாகச் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

பியானோ இல்லை என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை. நாலடித் தேக்குப் பலகை ஒன்று குவார்ட்டர்ஸில் கிடந்தது. மைல்கல்லுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டும் கறுப்புப் பெயிண்டும் இருந்தன. படத்தில் உள்ளபடி எண்பத்தெட்டுக் கட்டைகள், ஒரு நூல் பிசகாமல் வரைந்தேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாடம். பிள்ளையின் விரல்நுனியில் விளக்குக் கரியைத் தடவிவிடுவேன். அது எந்தக் கட்டையில் படுகிறது என்று பார்த்து, சரி தப்பு சொல்லிவிடலாம். கறுப்புக் கட்டைகளில் கரி தெரியாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குச் சுண்ணாம்பு.

அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தப்புக்கு ஒரு நாள் பேச்சு கிடையாது, அவ்வளவுதான். பேச்சும் பாட்டும் காதைக் கெடுக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்பு அந்தப் பிள்ளை தூங்கி எழுந்ததிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். சாமை அறுக்கிற பெண்களின் பாட்டு, பஸ்ஸின் ஹாரன், எல்லாம் காதுக்குள் குப்பையாகச் சேர்ந்திருந்தது. முதலில் அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எண்பதாம் வருஷத்தில் அவள் பதினோரு நாள் பேசினாள். எண்பத்தொன்றில் பத்தொன்பது நாள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

என் மனைவி மாதம்மாள் படிக்காதவள். ஒரு நாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"கொயந்த ஊமயாப் பூடும்யா. உம் பொண்ணுக்குப் பேச்சு வராதான்னு பாக்குறவங்கல்லாம் கேக்குறாங்க. நான் இன்னா சொல்றது?"

"சங்கீதம் கத்துக்கினு கீதுன்னு சொல்லு."

"எங்கய்யா, சத்தத்தயே காணோம்?"

"சத்தம் கடேசில வரும்."

கடைசிப் பக்கங்களை அப்போது நான் பார்த்திருக்கவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த லாரி வந்தது. முன் சீட்டில் டாக்டர் சுபைதா. வாணியம்பாடியில் தோல் மண்டிக்காரர் வீட்டுப் பெண், மலைமேல் வீடெடுத்து வைத்தியம் பார்க்க வந்தவர்கள். பின்னால் தார்ப்பாய்க்குள் என்ன என்று கேட்டேன். பியானோ என்றார்கள். உண்மையான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மகளும் வாசிப்பாள், நாலு வருஷப் பாடம் ஆகிறது என்று சொன்னேன். டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, டிரைவரிடம் தார்ப்பாயை விலக்கச் சொன்னார்கள். கெங்காவைத் தூக்கி லாரியில் விட்டு, நானும் ஏறினேன். முப்பத்தொன்றாம் பாடத்தை வாசி என்றேன்.

மணிக்கட்டைச் சரியாகத்தான் வைத்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் வந்தது. பிள்ளை வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், ஏதோ உடைத்துவிட்டவளைப் போல. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வந்தது. உடனே சிரித்தாள் ஐயா. அந்தச் சிரிப்பை நான் கேட்டு மூன்று வருஷம் இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் முப்பத்தொன்றாம் பாடத்தை வாசிக்கவில்லை. மணிக்கட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரல் ஒன்றால் இங்கும் அங்கும் தட்டித் தேடினாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாமை அறுப்புப் பாட்டு வந்துவிட்டது. ஜீப்புக்காகப் புளிக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து கூடவே பாடினார்கள். மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அடேயப்பா, யார்கிட்ட கத்துக்கின கண்ணு?" என்று டாக்டரம்மா கேட்டார்கள்.

அன்று அவளுக்குப் பேச்சு கிடையாது. முந்தின நாள் இரண்டு தப்பு. ஆனாலும் வாயைத் திறந்து, எல்லார் காதிலும் விழும்படி, "யார்கிட்டயும் இல்லீங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

"நாயித்துக்கெயம வூட்டுக்கு வா. வாரா வாரம் வா. உனக்குத் தோண்றத வாசி, நான் கேக்குறேன்" என்றார்கள் டாக்டரம்மா. பிள்ளை வேகவேகமாகத் தலையாட்டியது.

நான் லாரியிலிருந்து இறங்கி, பர்மிட் கேட்டேன்.

"இன்னா கோபால்சாமி, வெளயாடுறியா? இது பியானோ."

"ஈட்டி மரங்க. அறுத்த மரம், எந்த உருவத்துல இருந்தாலும் பர்மிட் வேணும்."

அவர்கள் கத்தினார்கள், பிறகு கெஞ்சினார்கள். நான் மகஜர் எழுதினேன். ஈட்டி மரம், அறுத்தது, ஒரு உருப்படி, சக்கரம் நாலு. பியானோவைச் செக்போஸ்ட் வாசலில் இறக்கி, தார்ப்பாயால் மூடி வைக்கச் செய்தேன். டாக்டரம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள் காகிதத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, "கண்ணு, நாயித்துக்கெயம எடுத்துக்கினு போயிருவேன், பயப்படாத" என்று கெங்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கீழே போனார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கப் பிள்ளை அந்தத் தார்ப்பாயின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றது. பாடத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவை.

பறிமுதல் செய்த மரத்தை அளந்து, முத்திரைச் சுத்தியால் அடித்து, நம்பர் போட வேண்டும். அந்த உருவத்தில் அதை அளக்க முடியாது. எங்கள் படிவத்தில் நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் மரம் அறுக்கிற கருப்பனையும் வீரனையும் வரச் சொன்னேன். கெங்காவை அந்த ஏல நாற்காலியில் எதிரே உட்கார வைத்தேன். உள்ளே வெறும் கம்பியும் கம்பளித் துணியும்தான் என்று அவள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் ஏக்கம் போய்விடும். மாதம்மாள் என் காலில் விழுந்தாள். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

ரம்பம் கம்பியில் பட்டபோது கருப்பன் கையை எடுத்துவிட்டான். "சாமி, இது அயுவுதுங்க. நான் அறுக்க மாட்டேன்" என்றான். இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்லி, ரம்பத்தில் அவன் பக்கத்துப் பிடியை நானே பிடித்தேன். மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு துண்டு. எல்லாவற்றிலும் முத்திரை அடித்தேன். அந்த முத்திரைகளில் ஒன்றும் கோணலாக இருக்காது, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

அறுக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை ஐயா. சக்கரம் வைத்து முழுசாகச் செய்து முடித்த சாமானுக்குப் பர்மிட்டும் தேவையில்லை. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். இதை ஒப்புதல் வாக்குமூலம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கண்ட சத்தத்தையும் வாசித்து என் பிள்ளையின் காது கெட்டுப் போகக் கூடாது என்றுதான் செய்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார்கள். துண்டுகளைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு கெங்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வேற ஒண்ணு வாங்கிக்கலாம் கண்ணு. வந்து வாசிக்கிறியா?" என்று கேட்டார்கள்.

பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, தலையை இல்லை இல்லை என்று ஆட்டியது. பயத்தில் நடுங்கியது என்று டாக்டரம்மா புகாரில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை பெறாதவர்கள், சங்கீதமும் தெரியாதவர்கள். நாலு வருஷம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா ஐயா. அது அடக்கம்.