கீழே பல், மேலே ஆடல், நடுவில் நான்

தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட துணைவேந்தர் அவர்களே, பாடம் சொல்லிப் பழுத்த பேராசிரியப் பெருமக்களே, பெற்று, பேணி, பேச்சுக் கற்றுக் கொடுத்து, இன்று அந்தப் பிள்ளையின் பேச்சுக்கே பதில் தெரியாமல் திகைத்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் அருகே அமைதி காக்கும் அனுபவசாலிகளான தந்தைமார்களே, என் இடப்பக்கம் வீற்றிருக்கும் பற்சுகாதாரத் துறைத் தலைவி, என் துணைவியார் அவர்களே, வலப்பக்கம் வீற்றிருக்கும் ஆடற்கலைத் துறைத் தலைவி, என் உடன்பிறந்த தங்கை அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். இவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்ட நண்பர் யாரோ, அவருக்கு மட்டும் வணக்கம் கிடையாது.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘இளையோர் ஏற்க வேண்டியது ஆடலா, பல்லா?’ என்பது. காலமெல்லாம் விவாத மேடையில் கஞ்சி குடித்தவன் நான். கடலா மலையா என்று கேட்டால் காலையில் கடலுக்குப் பேசுவேன், மாலையில் மலைக்குப் பேசுவேன். இரண்டுக்கும் கைதட்டல் வாங்குவேன். அப்படிப்பட்டவன் இன்று இந்த ஒலிவாங்கி முன்னால் ஒன்றும் புரியாமல் நிற்கிறேன். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி.

வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்கப் பற்சுகாதார வகுப்பு, மேல்தளம் முழுக்க ஆடல் வகுப்பு. இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் முதல் பருவம் முழுவதும் இரண்டிலும் உட்கார்ந்து பார்க்கலாம். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற முடியாது. சொல்ல வேண்டியவர்களில் ஒருத்தி என் மகள். மூன்றாம் வரிசையில் தூணோரமாக இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள்.

பெரியோர்களே, பல் என்பது என்ன? பசிக்கு வாசல், பேச்சுக்கு வேலி, சிரிப்புக்கு விளக்கு. அந்த வாசலை, அந்த வேலியை, அந்த விளக்கைத் துடைத்துத் துலக்கி, ‘இப்படித் தேயுங்கள், இதைத் தின்றால் இப்படிக் கொப்பளியுங்கள்’ என்று ஊருக்கு எடுத்துச் சொல்லும் படிப்பை உதறிவிடலாமா? உதறலாகாது. சரி, ஆடல் என்பது என்ன? காலில் தாளம், கண்ணில் கதை, கையில் காவியம். உடம்பையே உரைநடையாகவும் பாட்டாகவும் எழுதிக் காட்டும் அந்தப் படிப்பை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது. ஆக என்ன செய்யலாம்? அதுதான் எனக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த வழக்கு ஒரு வாரமாக நடக்கிறது. என் துணைவியார் அடுப்பைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். “ஆடி ஆடி மூட்டு தேஞ்சா யாருங்க பாக்கறது? பல்லு படிச்சா எந்த ஊர்ல போய் நின்னாலும் வேலை இருக்கு. வாய் இல்லாத ஊரு எங்க இருக்கு?” உடனே என் தங்கை, “அண்ணி, நாள் பூரா ஊரார் வாய்க்குள்ளயே குனிஞ்சு பாத்துட்டு இருந்தா முதுகு மட்டும் நேரா நிக்குமா? பிள்ளைக்குக் காலு துறுதுறுன்னு இருக்கு, அதைப் போய்க் கட்டிப் போடறீங்களே” என்பாள். நான் என்ன செய்தேன்? மனைவியிடம் ஆடலுக்காகப் பேசினேன், தங்கையிடம் பல்லுக்காகப் பேசினேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மேடையிலும் பாருங்கள், இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகளைக் கவனித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கவனித்த பிறகுதான் குழப்பம் கூடியது. மேல்தளத்தில் ஒரு காதல் காட்சி. இவள் தலைவி, வகுப்புத் தோழன் தலைவன். பிரிந்தவர் கூடும் இடம். பாட்டு உருக, விளக்கு மங்க, தலைவன் முகத்தைத் தலைவி ஏக்கத்தோடு ஏறிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தாள். பார்த்தவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “டேய், உனக்கு மேல் ஈறு வீங்கியிருக்குடா. கீழ போய்க் காட்டு” என்றாள். சிரிக்கிறீர்கள். என் தங்கை சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் கீழே போய்க் காட்டினான், உள்ளே சீழ் கட்டியிருந்தது. அப்படியென்றால் இவள் பல்லுக்குப் பிறந்தவளா?

இருங்கள், அடுத்ததையும் கேளுங்கள். நேற்று முன்தினம் கீழ்த்தளத்தில் பயிற்சி. பல்லில் படிந்த காரையை மெல்லிய கொக்கியால் சுரண்டி எடுக்கும் வேலையை மாணவர்கள் ஒருவர் வாயில் ஒருவர் பழகுவார்கள். என் மகள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். சுரண்டுகிறவள் அவளுடைய தோழி, எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடும் பெண். கீழ்வரிசையில் கொக்கி வழுக்கி ஈறுக்குள் இறங்கிவிட்டது. நாற்காலியில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், முகம் சுளித்தால் கையை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கண்ணாடி முகத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. கண் சிரித்தது. கண்ணாடி தொடர்ந்து சுரண்டினாள். அந்தப் பக்கம் போன என் துணைவியார் ரத்தத்தைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வலிக்கலையாடி?”

“வலிச்சுதும்மா.”

“அப்புறம் ஏன் சிரிச்சுட்டு இருந்தே?”

“அத்தை சொல்லிக் குடுத்ததுதான். கால்ல ஆணி குத்தினாலும் முகத்துல தெரியக்கூடாதுன்னு. பழகிப்போச்சு.”

அந்தப் பயிற்சியில் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள், கண்ணாடி அழுதுவிட்டாளாம். தேறாமல் போனது அவள் குற்றமா? முகத்தைப் பார் என்று கீழே சொன்னார்கள், பார்த்தாள். முகத்தில் காட்டாதே என்று மேலே சொன்னார்கள், இவள் காட்டவில்லை. இரண்டு பேருமே நல்ல மாணவிகள், ஈறு மட்டும் கிழிந்துவிட்டது. அப்படியென்றால் என் மகள் ஆடலுக்குப் பிறந்தவளா? பெரியோர்களே, எனக்குத் தலை சுற்றுகிறது.

என்ன தம்பி, பின்னாலிருந்து? “தீர்ப்பச் சொல்லுங்க சார், பஸ்ஸு போயிரும்” என்கிறார். நியாயமான கோரிக்கை. துணைவேந்தரும் மணியில் கை வைத்துவிட்டார். சொல்லிவிடுகிறேன்.

சொல்லத்தான் வந்தேன். வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. போன வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் வந்து, “அப்பா, நான் பல்லுப் படிப்பே எடுத்துக்கலாம்னு பாக்கறேன்” என்றாள். நான் என்ன செய்தேன்? ஆடலின் அருமையை அடுக்கினேன். வாளி வழியும்வரை பேசினேன். “சரிப்பா” என்று சிரித்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்து, “டான்ஸே இருக்கட்டும்பா” என்றாள். பல்லின் பெருமையைப் பொழிந்தேன். அதற்கும் “சரிப்பா” என்றாள், அதற்கும் சிரித்தாள். யார் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் எழுந்து நிற்கிறது என் நாக்கு. அது என் தொழில். பெற்ற பெண் மனத்தைத் திறந்தபோதும் நான் தொழிலைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

தாய்மார்களே, நான் மனைவியைக் கேட்டேன், தங்கையைக் கேட்டேன், தலைப்புக் கொடுத்தவரைக்கூடக் கேட்டேன். அவளைக் கேட்டேனா? அவள் சொன்னபோது காது கொடுத்தேனா? எந்தப் பக்கம் பேசலாம் என்று தேடினேனே தவிர, எந்தப் பக்கம் அவளுக்கு வலிக்கிறது என்று தேடினேனா? உங்கள் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். கீழா மேலா என்று நாம் கத்திக்கொண்டிருக்கிறோம். மாலைக்குள் படியேற வேண்டியது அவர்கள் கால், கருவி பிடிக்க வேண்டியது அவர்கள் கை. கத்துவதற்கு மட்டும் ஏன் நம் வாய்?

ஆகவே தீர்ப்பு இல்லை. ஆடலா பல்லா, எனக்குத் தெரியாது. எந்த மேடையிலும் நான் சொல்லாத வார்த்தை அது, சொல்லிவிட்டேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இங்கிருந்தே அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறார் துணைவேந்தர். வேண்டாம் ஐயா. இத்தனை பேர் முன்னால் கேட்டால் அழகாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் இனி நம்புவதாக இல்லை.

அலுவலகம் மூட இன்னும் நேரம் இருக்கிறது. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுத்துப் பொறுத்துக் கேட்ட மனைவிக்கும் தங்கைக்கும், பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்ட தம்பிக்கும் நன்றியும் வணக்கமும். மன்னிக்க வேண்டும், என் பேச்சு பாதியில் நிற்கிறது. கண்ணம்மா, எழுந்து வெளியே வாம்மா, வராந்தாவில் உட்காரலாம். நீ சொல்லு. அப்பா வாயைத் திறக்கமாட்டேன்.