தொட்டி மீனுக்கு ஊற்றுத் தண்ணீர்

மீனுக்குப் பொரி பிடிக்கும், இட்லி பிடிக்காது. இது பலருக்குத் தெரியாது சார். என் தொட்டியில் ஒரு கெண்டை இருக்கிறது. பொரி போட்டால் ஓட்டுக் கேட்க வருகிறவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். தின்று முடித்ததும் ஆளைத் தெரியாத மாதிரி திரும்பிக்கொள்ளும்.

நான் கருப்பண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவன். கொல்லிமலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் லாட்ஜிலும் ஓட்டலிலும் விட்டுவிட்டுப் போவதெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். காற்று ஊதுகிற மோட்டார் ஓடினால் தண்ணீர் தெளியும். தெளிந்தது கண்ணாடித் தொட்டி வழியாகப் போய் ஓடையில் விழும். தொட்டியில் மீன் விட்டிருப்போம். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் சுத்தம். அதிகாரிகளும் வந்தால் மீனைப் பார்ப்பார்கள், மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

ஆடித் திருவிழாக் கூட்டத்தில் மோட்டார் கருகிவிட்டது. ஓவர்சியர் மணிவண்ணனிடம் சொன்னேன். "பாக்கலாங்ணா" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அன்றைக்கே மீனெல்லாம் மல்லாந்துவிட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை. பலாமரத்தடியில் புதைத்தேன். பிறகு தொட்டிக்குப் போகிற குழாயை அடைத்தேன். மேட்டு ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து நிரப்பி, புது மீன் விட்டேன். அழுக்கைப் பக்கக் குழாய் வழியாக நேரே ஓடைக்குத் திறந்துவிட்டேன். குடம் சுமப்பது லேசில்லை சார், முழங்கால் தேய்ந்துவிட்டது. வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஓடையை ஒட்டிக் கீழே குடியிருக்கிற சென்றாயன் வந்தான். மரவள்ளி போடுகிறவன்.

"ஏனுங்க மாமா, ஓடைத் தண்ணி ஒரு மாதிரி நாறுதுங்க. குடிக்கலாமுங்களா? இல்லீனா ஊத்துக்குத்தான் ஏறோணும். ஊட்டுல ராமாயி சலிச்சுக்கறா."

தொட்டியைக் காட்டினேன். அறுத்த மீனையே பொருத்தி உயிர் கொடுத்த சாமி இருக்கிற மலை இது. இங்கே மீனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சென்றாயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"மீனே பொழைக்குது, நமக்கென்னங்க."

குடி என்று நான் சொல்லவில்லை. அந்த ஏற்றம் எனக்குத் தெரியும். ஏறு என்று சொல்லவும் மனசு வரவில்லை.

வாந்தி பேதியில் ராமாயி போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு சென்றாயன் மறுபடி வந்தான்.

"மாமா, தண்ணியாலதான்னு சொல்றாங்க. இப்ப மக கவிதாவுக்கும் வவுறு சரியில்லீங்க. மறைக்காம சொல்லுங்க."

யோசித்தேன் சார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெண்டாட்டிக்கு அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தது அவன் கை. அந்தக் கையால் அவன் இனி எப்படிச் சோறு தின்பான்? அந்தப் பாரம் அவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

"மீன் துள்ளுது பாரு கண்ணு" என்றேன். பொரியைக் கையில் கொடுத்துப் போடச் சொன்னேன். போட்டான். கொஞ்சம் சிரிக்கவும் செய்தான். அந்த ஆறுதலை வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

"நர்சம்மா நெறையத் தண்ணி குடுக்கச் சொன்னாங்க. குடுத்தர்றேனுங்க மாமா."

தலையாட்டினேன்.

கவிதாவும் போய்விட்டாள். அப்புறம்தான் நீங்கள் மலையேறி வந்தீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அலுத்துவிட்டது.

ஒன்றே ஒன்று. நிலையத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போகிறவரிடம் சொல்லிவையுங்கள், மேட்டு ஊற்றில்தான் மொள்ள வேண்டும். கிட்டத்தில் இருக்கிறதே என்று ஓடைத் தண்ணீரை ஊற்றினால் செத்துவிடும். பாவம், வாயில்லாத ஜீவன்கள். தண்ணீர் நல்லதா என்று அதுகள் யாரிடம் போய்க் கேட்கும்?