குரங்குக்கு ஒரு நன்றி

ஜாசினிலிருந்து மலாக்கா போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்: “அந்தக் குரங்கு மட்டும் என் கண்ணுல பட்டா, ஒரு சீப்பு பீசாங் பழம் வாங்கிக் கொடுப்பேன்க்கா.”

“எந்தக் குரங்குடி?”

“மகள ஸ்கூல் சாரணர் கேம்ப்புக்கு அனுப்புனேன்ல, அந்த ரிசர்வ் காட்டுல உள்ள குரங்கு. அவங்க அப்பா தவறுனதுல இருந்து அவ வாயே திறக்கலன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். டாக்டர்கிட்டகூட காட்டுனியே.”

“கேம்ப்புல ரொட்டி சாப்பிட உட்கார்ந்திருக்கா. குரங்கு வந்து புடுங்கிட்டு ஓடிருச்சு. ‘ஓய், அது என்னோடது!’ன்னு கத்திக்கிட்டே பின்னால ஓடியிருக்கா. டீச்சர் அழுதுகிட்டே எனக்குப் போன் அடிச்சாங்க. அவகிட்ட கொடுக்கச் சொன்னா, ‘அம்மா, என் ரொட்டி போச்சு’ங்கறா.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடவுள் இருக்காருலா. இப்ப பேசுறாளா?”

“வீட்டுக்கு வந்ததுல இருந்து வாய் ஓயல. காலையில என்னைச் சமைக்கவே விடல. ‘கொஞ்சம் சும்மா இரு’ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லல. அடுப்ப அணைச்சுட்டு உட்கார்ந்து கேட்டேன்.”