பேரச் சொல்லிக் கூப்பிடு

அந்த பீப் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடாதம்மா. வெரல்ல மாட்டியிருக்கற கிளிப்பு நழுவினா கூட கத்தும். நானும் மொதல்ல ஒவ்வொரு தபாவும் கதவாண்ட ஓடினவதான். எந்த ஊரு நீ? தாமலா? வண்டியில இருந்து விழுந்துட்டாரா உன் வீட்டுக்காரரு... சரி, அழுவாத, உக்காரு.

கண்ணே தொறக்கலன்னு பயப்படாத. அவங்களே மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருப்பாங்க. தொண்டையில கொழா போட்டிருக்குதில்ல, முழிச்சா புடுங்கிடுவாங்களாம். டாக்டரம்மா நல்ல மாதிரி. புரியலன்னா கூச்சப்படாம திருப்பிக் கேளு.

எங்க வீட்டுக்காரரா? தறிதாம்மா. காய்ச்சலோட மாத்திரைய முழுங்கிட்டுத் தறியில உக்காந்தாரு. முகூர்த்தப் பொடவை, முந்தானை முடிச்சிக் குடுக்கணுமாம். மூச்சு வாங்குதுன்னு தூக்கினு வந்தப்பவே ரத்தத்துல கிருமி பரவிடுச்சி. எந்த மருந்துக்கும் பிரஷரு நிக்கல. அப்புறம் மூத்திரப் பை காலியாவே தொங்கிச்சி. கிட்னியும் போச்சின்னாங்க.

நடுவுல ஒரு நாள் மருந்த கொறைச்சப்போ முழிச்சாரு. கொழாய இழுத்துடுவாருன்னு கைய ரெண்டும் கட்டிலோட கட்டியிருந்தாங்க. என்னப் பாத்துத் தலைய ஆட்டினாரு. போதும்ன்ற மாதிரி.

நேத்து டாக்டரம்மா என்னையும் எம்பையன் யுவனையும் உக்கார வெச்சி கேட்டுது. இதயம் நின்னுட்டா நெஞ்ச அமுக்கிப் பாக்கலாம், ஆனா எலும்பு முறியும், திரும்பினாலும் இந்த மெஷினுக்குத்தான் திரும்புவாருன்னு. எல்லாம் பண்ணுங்கன்னான் அவன். நான்தான் வேணாம்னேன். அவர உட்டுடுங்கன்னேன். அதுல இருந்து பையன் எங்கிட்ட பேசறதில்ல. கீழ வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு இருக்கான்.

நீ உள்ள போறப்போ கைய நல்லா கழுவிட்டுப் போ. சும்மா நின்னு பாத்துட்டு வந்துடாத, பேசு. காது கேட்டாலும் கேக்குமாம், சிஸ்டரு சொல்லுச்சி. பேரச் சொல்லிக் கூப்பிடு. எனக்கும் வெக்கமாத்தான் இருந்திச்சி. கல்யாணம் ஆனதுல இருந்து வாயில வராத பேரு. காதாண்ட குனிஞ்சி, குமரகுரு, குமரகுருன்னு கூப்பிட்டேன்.

நானா? இல்லம்மா, நான் உள்ள போறதுக்கு நிக்கல. காலைலயே அடங்கிட்டாரு. யாரும் அமுக்கல. கொழாயெல்லாம் எடுத்துட்டு ஒடம்பத் தொடைச்சினு இருக்காங்க. கொழுந்தனாரு செவிலிமேட்டுல இருந்து வேட்டி எடுத்துனு வரணும், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்.

உன்னத்தான் கூப்பிடறாங்க பாரு. போ.